வீட்டுக்கு உடற்பயிற்சிக் கருவி: பணம் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நடைவிரும்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலேயே உடற்பயிற்சி செய்ய ஒரு கருவி வாங்குவது என்று முடிவாகி, எந்தக் கருவி என்ற கேள்வியில் வந்து நிற்கிறோம். நான் ஐம்பதை நெருங்குகிறேன். நாள் முழுவதும் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. மனைவிக்கு முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது. தாயாருக்கு எழுபது கடந்துவிட்டது. சமதளத்தில் நன்றாக நடக்கிறார், படி என்றால்தான் தயங்குகிறார். மகனுக்குத் தோளும் மார்பும் திரள வேண்டும் என்ற ஆசை. நால்வருக்கும் பொதுவாக ஒரு டிரெட்மில் வாங்கிவிட்டால் போதும் என்பது வீட்டாரின் கருத்து.

நான் பார்த்துவைத்த ஒன்றில் '4 ஹெச்பி மோட்டார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைவிட விலை கூடிய மற்றொன்றில் 2.5 ஹெச்பி என்றுதான் இருக்கிறது. சக்தி குறைந்ததற்கு ஏன் கூடுதல் விலை என்று விற்பனையாளரிடம் கேட்டால், 'அது பிராண்ட் ஐயா' என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

தண்டால் எழுதியது:

என் கருத்து கசப்பாக இருக்கலாம். நடப்பதற்குத் தெரு இருக்கிறது, தண்டால் எடுக்கத் தரை இருக்கிறது. முதலில் இரண்டு மாதம் வெறும் உடம்பை வைத்துப் பயிற்சி செய்து பாருங்கள். பழக்கம் நிலைத்தால் கருவி வாங்குங்கள். பெரும்பாலான டிரெட்மில்கள் கடைசியில் துணி காயப்போடும் கொடியாகத்தான் முடிகின்றன.

திருப்புளி எழுதியது:

உடற்பயிற்சிக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால், ஹெச்பி கணக்கை மட்டும் முதலில் தீர்த்துவைக்கிறேன்.

ஒரு ஹெச்பி, அதாவது ஒரு குதிரைத்திறன், ஏறத்தாழ 746 வாட். அப்படியானால் 4 ஹெச்பி என்பது கிட்டத்தட்ட 3,000 வாட். இப்போது அந்தக் கருவியின் மின்கம்பி உடலுக்குள் நுழையும் இடத்துக்கு அருகில் ஒட்டப்பட்டிருக்கும் சிறிய தகட்டைப் படியுங்கள். அதில் 1,500 வாட் என்றோ அதற்கும் குறைவாகவோ எழுதியிருந்தால், 1,500 வாட்டை வாங்கும் கருவி 3,000 வாட்டைத் தொடர்ந்து கொடுக்க வழியே இல்லை என்பது உங்களுக்கே விளங்கிவிடும். விளம்பரத்தில் இருப்பது 'பீக்' எண். மோட்டார் ஒரு கணம் எட்டித் தொடக்கூடிய உச்சம் அது. நீங்கள் கேட்க வேண்டியது 'கன்டினியூவஸ்' எண், அதாவது அரைமணி நேரம் ஒருவர் மேலே ஓடிக்கொண்டிருக்கும்போதும் மோட்டார் சூடேறித் தளராமல் தரக்கூடிய அளவு. நடைக்கு 2 ஹெச்பி அளவில் கன்டினியூவஸ் இருந்தால் போதும். முறையாக ஓடுகிறவருக்கு 3 இருப்பது நல்லது. நீங்கள் சொன்ன 2.5 கன்டினியூவஸ் எண்ணாக இருந்தால், அந்த 4-ஐ விட அதுதான் வலிமையானது. விலை வித்தியாசத்துக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். தகட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் என்னிடம் பழுதுக்கு வரும் டிரெட்மில்களில் மோட்டார் சிறியது என்பதால் கெட்டவற்றைவிட, எண்ணெய் இல்லாமல் கெட்டவை அதிகம். ஓடும் பெல்ட்டுக்கும் அதன் அடியில் இருக்கும் பலகைக்கும் இடையே சிலிக்கான் எண்ணெயின் மெல்லிய படலம் இருக்க வேண்டும். அது காய்ந்துவிட்டால் உராய்வு கூடி, மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்க, அந்தச் சுமையில் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்பலகை கருகிவிடுகிறது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைச் சற்றுத் தூக்கி, உள்ளங்கையை நடுப்பகுதி வரை நுழைத்துத் தடவிப் பாருங்கள். விரல் நுனிகளில் வழவழப்பு ஒட்ட வேண்டும். சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டினால் அந்தக் கருவி வெகுநாளாகப் பட்டினி கிடக்கிறது என்று பொருள். வாங்கும்போதே எந்த எண்ணெய், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் கிடைத்த எந்திர எண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ ஊற்றுகிறவர்களும் உண்டு. அவர்கள் எனக்கு நல்ல வாடிக்கையாளர்கள்.

அளவுகளில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெல்ட்டின் நீளம் நடைக்கு 120 முதல் 130 சென்டிமீட்டர், ஓட்டத்துக்கு 140-க்கு மேல், நெட்டையானவருக்கு 150. அகலம் 45-க்குக் குறைந்தால் நடை குறுகிப் போய், கால் ஓரச் சட்டத்தில் படும். கருவி தாங்கும் உடல் எடை என்று போட்டிருக்கும் எண், வீட்டில் மிகக் கனமானவரின் எடையைவிடத் தாராளமாகக் கூடுதலாக இருக்கட்டும். எண்ணை ஒட்டியே வாங்கினால் கருவி எப்போதும் தன் எல்லையிலேயே உழைக்கும்.

மூன்றாம்மாடி எழுதியது:

அடுக்குமாடியில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். டிரெட்மில் பற்றிய பேச்சில் எல்லோரும் தரையில் அது அடைக்கும் இடத்தை மட்டுமே அளக்கிறார்கள். தலைக்கு மேலே அளப்பதில்லை. நிற்கும் பலகையே தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அதன்மேல் உங்கள் உயரம், ஓடும்போது துள்ளும் உயரம், சரிவைக் கூட்டினால் முன்பக்கம் எழும் உயரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, பிறகு மின்விசிறி எங்கே சுற்றுகிறது என்று பாருங்கள்.

அடுத்தது ஓசை. மோட்டாரின் இரைச்சல் சுவரைத் தாண்டாமல் இருக்கலாம். காலடியின் அதிர்வு தளத்தின் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். ரப்பர் விரிப்பு தரையைக் காக்கும், இரைச்சலையும் ஓரளவு குறைக்கும். 80 கிலோ எடையுள்ளவர் ஓடும் அதிர்வை அது முழுவதும் விழுங்கிவிடாது. கீழே குடியிருப்பவர்களோடு நல்லுறவு வேண்டுமென்றால், மாடியில் ஓடுவதற்கான கருவியைவிடக் நின்ற இடத்திலேயே மிதிக்கும், காந்தத் தடையில் இயங்கும் சைக்கிள் மேலானது. துடுப்பு வலிப்பதுபோல் இழுக்கும் ரோயிங் மெஷின் நினைப்பு இருந்தால், காற்றுத் தடை கொண்டது ஓசை அதிகம் எழுப்பும் என்பதோடு, அந்தக் கருவி பொதுவாக இரண்டரை மீட்டர் அளவுக்கு நீளம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பெட்டியின் எடையையும் அளவையும் கேட்டு, படிக்கட்டின் திருப்பத்தில் அது திரும்புமா என்பதை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 'மடக்கக்கூடியது' என்ற சொல்லை நம்பி ஏமாற வேண்டாம். மடக்கினாலும் அதன் எடை மாறுவதில்லை. தாயாரோ மனைவியோ தனியாக அதை மடக்கி நகர்த்த முடியுமா என்று கடையிலேயே அவர்களைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

நீட்டிமடக்கு எழுதியது:

நான் இயன்முறை சிகிச்சையாளர். நடைவிரும்பி ஐயாவின் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நான்கு பேரின் நான்கு விதமான தேவைக்கு ஒரே கருவியைத் தேடுகிறார். அப்படி ஒரு கருவி கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலை அளவுகோலாக வைத்துப் பாருங்கள். வயதுவந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு வேண்டும் என்கிறது. இது முதற்பாதி. இரண்டாம் பாதியைப் பலரும் படிப்பதில்லை: முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் குறைந்தது இரண்டு நாள். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குச் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும். விலை உயர்ந்த டிரெட்மில் முதற்பாதியை மட்டுமே நிறைவேற்றும். படிக்குத் தயங்கும் உங்கள் தாயாருக்கு முதலில் வேண்டியது தொடையின் வலுவும் சமநிலையும். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை, முதலில் யாராவது அருகில் நிற்க, செய்யச் சொன்னால் அது டிரெட்மில்லால் செய்ய முடியாததைச் செய்யும். செலவு ஒன்றுமில்லை.

துணைவியாரின் முழங்காலைப் பொறுத்தவரை, வலிக்குக் காரணம் என்ன என்று மருத்துவரிடம் அறிந்துகொண்ட பிறகே எதையும் வாங்குங்கள். பொதுவாகச் சைக்கிளில் உடல் எடையை இருக்கை தாங்குவதால் மூட்டுக்கு அடி குறைவு. ஆனால் அதுவும் இருக்கையைச் சரியாக வைத்தால்தான். பெடல் கீழே இறங்கி நிற்கும் நிலையில் முழங்கால் முழுவதும் நீளாமல் 25 முதல் 35 பாகை அளவுக்கு மடங்கியிருக்க வேண்டும். இருக்கை தாழ்ந்துபோனால் மூட்டின் முன்பக்கம் அழுத்தம் கூடி, வலியைக் குறைக்க வாங்கிய கருவியே வலிக்குக் காரணமாகிவிடும். ஆகவே கடையில் ஒருவர் மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு வராதீர்கள். வீட்டிலேயே குள்ளமானவருக்கும் நெட்டையானவருக்கும் இருக்கை மேலும் கீழும் மட்டுமல்லாமல் முன்னும் பின்னும் நகர்ந்து பொருந்துகிறதா என்று பாருங்கள். முதியவர்கள் என்றால் சாய்ந்து அமரும் வகைச் சைக்கிள் நல்லது. முதுகுக்குத் தாங்கல் உண்டு, நடுச்சட்டத்தைத் தாண்டிக் காலைத் தூக்க வேண்டியதில்லை.

நின்றபடியே பெடல்களை நீள்வட்டமாக மிதிக்கும் எலிப்டிக்கல் கருவியையும் யாராவது பரிந்துரைப்பார்கள். பாதம் பெடலை விட்டு எழுவதில்லை என்பதால் மூட்டுக்கு அது இதமானதுதான். ஆனால் ஏறும் உயரம் அதிகம், பெடலின் வீச்சு குட்டையாக இருந்தால் நெட்டையானவர் தத்தித் தத்தி நடப்பதுபோல் ஆகிவிடும். ஏறிப் பார்க்காமல் வாங்கவே கூடாத கருவி அது.

இரவுப்பணி எழுதியது:

தண்டால் அவர்களுக்கு ஒரு மறுப்பு. துணிக்கொடி நகைச்சுவையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. 'தெரு இருக்கிறது' என்பது எல்லோருக்கும் பொருந்தாது. நான் பணி முடித்து வரும் நேரத்தில் தெருவில் தனியாக நடக்க என் வீட்டார் விடமாட்டார்கள், எனக்கும் துணிவில்லை. டிரெட்மில் வந்த பிறகுதான் என் நடை ஒழுங்குக்கு வந்தது. பழக்கம் வந்த பிறகு கருவி வாங்கு என்கிறீர்கள்; கருவி இல்லாததாலேயே பழக்கம் வராதவர்களும் இருக்கிறோம்.

தண்டால் எழுதியது:

நியாயம், சகோதரி. நான் என் நிலைமையிலிருந்து பேசிவிட்டேன். ஆனால் உங்களுக்கு எந்த நேரத்தில், எதற்காக வேண்டும் என்பது வாங்கும் முன்பே தெரிந்திருந்தது. நான் குறிவைத்தது அது தெரியாமல் வாங்குகிறவர்களை. வாய்ப்பிருந்தால் அருகில் உள்ள உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு மாதம் சேர்ந்து, வாங்க நினைக்கும் அதே வகைக் கருவியை மட்டும் பயன்படுத்திப் பார்க்கச் சொல்வேன். ரோயிங் மெஷினைக் காணொளியில் பார்த்து மயங்கியவர்கள், அதில் இருபது நிமிடம் இழுத்துப் பார்த்தால் தங்கள் கீழ்முதுகு என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளலாம்.

நடைவிரும்பி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தகட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்: திருப்புளி அவர்கள் சொன்னதுபோல 4 ஹெச்பி கருவியின் தகட்டில் 1,500 வாட்டுக்கும் குறைவாகவே எழுதியிருக்கிறது. மகனுக்கு என்ன வாங்குவது? அவன் ஒரு வயிற்றுத்தசைக் கருவியின் விளம்பரத்தைக் காட்டி, நாளுக்குச் சில நிமிடம் போதுமாம் என்கிறான். திரை வைத்த சைக்கிள் ஒன்றும் பார்த்தேன். எரிந்த கலோரியைத் துல்லியமாகக் காட்டும் என்கிறார்கள்.

நீட்டிமடக்கு எழுதியது:

வயிற்றைச் சுருக்கி விரித்தால் வயிற்றின் தசை வலுக்கும். அதன் மேலுள்ள கொழுப்பு அந்த இடத்திலிருந்து மட்டும் கரையாது. உடல் கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்பதை நாம் முடிவு செய்வதில்லை. அமெரிக்காவில் 'ஏப் சர்க்கிள் புரோ' என்ற கருவியை, நாளுக்கு மூன்று நிமிடம் பயன்படுத்தினால் இரண்டு வாரத்தில் பத்துப் பவுண்டு குறையும் என்று விளம்பரம் செய்தே விற்றார்கள். அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2012-இல் நடவடிக்கை எடுத்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. இடுப்பில் பட்டையைச் சுற்றி அதிர வைக்கும் கருவிகளையும் இதே கணக்கில் சேருங்கள்.

கலோரி எண்ணும் அப்படித்தான். உங்கள் எடையைக் கூடக் கேட்காமல் ஒரு கருவி கலோரி காட்டினால், அது யாருடைய கலோரி? உடற்பயிற்சிக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 20957 தரநிலையில், தொழில்முறைப் பயன்பாட்டுக்கு 'எஸ்', வீட்டுப் பயன்பாட்டுக்கு 'ஹெச்' என்று வகுப்பு உண்டு. துல்லியத்துக்குத் தனியாக 'ஏ', 'பி', 'சி' என்று தரம் உண்டு. வீட்டுக் கருவிகளின் கையேட்டில் 'ஹெச்', 'சி' என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து நிற்பதை அடிக்கடி பார்க்கலாம். துல்லியத்தில் கடைசித் தரம் அது என்று உற்பத்தியாளரே எழுதிக் கொடுத்துவிட்டபின், திரையில் தெரியும் எண்ணை வைத்துக் கூடுதலாக ஒரு இனிப்பைச் சாப்பிடுவது நம் விருப்பம். நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட மட்டும் அது உதவும்.

திருப்புளி எழுதியது:

மகனுக்கு எடைதான் வேண்டும்; எந்திரம் வேண்டாம். தட்டுகளைக் கழற்றி மாட்டும் டம்பெல் ஒரு ஜோடியும் ஒரு பெஞ்சும் இருந்தால் நெடுநாள் போதும். வட்டைத் திருப்பினால் எடை மாறும் நவீன வகை இடத்தை மிச்சப்படுத்தும், மாற்றுவதும் நொடி வேலை. ஆனால் தூக்கும்போது தட்டைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் சிறு பூட்டு. 2025 ஜூனில் அமெரிக்காவில் 'போஃப்ளெக்ஸ்' வகை டம்பெல்கள் ஏறத்தாழ 38 லட்சம் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம், பயன்பாட்டின்போது தட்டு கழன்று விழக்கூடும் என்பதுதான். முகத்துக்கு மேலே தூக்கும் பொருள் என்பதால், திருகு மாட்டி இறுக்கும் பழைய வகையையே தொடக்கக்காரர்களுக்குச் சொல்வேன். அதிலும் ஒவ்வொரு முறையும் திருகை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

டம்பெல்லில் கேட்க வேண்டியது மொத்த எடை மட்டுமல்ல. எத்தனை கிலோ ஏற்றமாகக் கூட்டலாம் என்பதும்தான். தோள் பயிற்சியில் ஒரு கைக்கு 5 கிலோவிலிருந்து நேராக 10 கிலோவுக்குத் தாவ முடியாது. 1.25 கிலோ தட்டுகள் தொகுப்பில் உண்டா என்று பாருங்கள். பெஞ்சில் '200 கிலோ தாங்கும்' என்று எழுதியிருந்தால், அது படுப்பவரின் எடையும் அவர் தூக்கும் எடையும் சேர்ந்த கணக்கு.

திரை வைத்த சைக்கிள் பற்றி ஒரே கேள்வி: சந்தா கட்டாவிட்டால் என்னென்ன வேலை செய்யும்? தடையைக் கூட்டிக் குறைப்பதே செயலி வழியாகத்தான் என்றால், நிறுவனம் மூடப்படும் நாளில் உங்கள் கருவியும் ஊமையாகிவிடும். மிதிக்கும்போது சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் எடையைப் பெரிதாகச் சொல்வார்கள். சக்கரத்தின் எடையோடு அது சுழலும் வேகமும் சேர்ந்துதான் மிதிப்பதன் இழைவைத் தீர்மானிக்கிறது. லேசான சக்கரம் வேகமாகச் சுழன்றாலும் அதே இழைவு கிடைக்கும். எண்ணைப் பார்ப்பதை விட்டு ஏறி மிதியுங்கள், மெதுவாக மிதிக்கும்போது விட்டுவிட்டு இழுக்கிறதா என்று பாருங்கள். தடைக்கு உராயும் பட்டை உள்ளதா, காந்தமா என்பதையும் கேளுங்கள். பட்டை தேயும், சத்தமும் போடும். காந்தம் சக்கரத்தைத் தொடுவதில்லை, ஆகவே தேய்வதற்கு ஒன்றுமில்லை.

மூன்றாம்மாடி எழுதியது:

சிறு குழந்தைகள் வந்துபோகும் வீடாக இருந்தால் டிரெட்மில் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2021 மே மாதத்தில் 'பெலோட்டன் டிரெட் பிளஸ்' கருவிகள் ஏறத்தாழ 1,25,000 திரும்பப் பெறப்பட்டன. ஓடும் கருவியின் பின்புறத்தில் இழுபட்டு ஒரு குழந்தை இறந்ததும் அதற்கு முன் நடந்த பல விபத்துகளும் அதற்குக் காரணம். ஆடையில் மாட்டும் பாதுகாப்புச் சாவி இல்லாத கருவியை வாங்காதீர்கள். பயிற்சி முடிந்ததும் அந்தச் சாவியைக் கழற்றிக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கருவிக்குப் பின்னால் சுவர் வேண்டாம். விழுந்தவர் பெல்ட்டுக்கும் சுவருக்கும் இடையில் சிக்கிக்கொள்வார். 2 மீட்டர் வெற்றிடம் விடச் சொல்லிப் பல கையேடுகளில் எழுதியிருக்கிறார்கள்.

இரவுப்பணி எழுதியது:

பழைய கருவி வாங்கலாமா என்பதையும் திருப்புளி அவர்கள் சொல்லிவிட்டால் பலருக்கும் உதவும். இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டையான ரெசிஸ்டன்ஸ் பேண்ட் பற்றியும் யாரும் பேசவில்லையே? பயணத்தில் நான் அதைத்தான் எடுத்துச் செல்கிறேன்.

திருப்புளி எழுதியது:

பழைய டம்பெல், திருகு வகையாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், இரும்புக்கு வயதில்லை. காந்தத் தடைச் சைக்கிளை ஏறி மிதித்துப் பார்த்து, பெடல் தண்டு ஆடுகிறதா என்று சோதித்து வாங்கலாம். டிரெட்மில் என்றால் எச்சரிக்கை: வீட்டில் மிகக் கனமானவரை ஏற்றி, மிகக் குறைந்த வேகத்தில் நடக்கவிட்டுப் பாருங்கள். கால் பதியும்போதெல்லாம் பெல்ட் தயங்கி நின்று நகர்ந்தால், பெல்ட் தளர்ந்திருக்கலாம், பலகை தேய்ந்திருக்கலாம், அல்லது மோட்டார் திணறலாம். பத்து நிமிடம் ஓடவிட்டு முன்பக்க மூடியருகே முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அது திரும்பப் பெறப்பட்டவற்றில் ஒன்றா என்று தேடுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பேண்ட் நல்ல பொருள்தான். இழுக்க இழுக்கத் தடை கூடும் என்பதால் டம்பெல்லிலிருந்து அதன் தன்மை வேறு. லேடெக்ஸ் எனும் இயற்கை ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் லேடெக்ஸ் இல்லாத வகையைப் பார்க்க வேண்டும். வெயிலில் போட்டுவைத்தால் மெல்லிய வெடிப்புகள் விழும். ஒளிக்கு நேரே நீட்டிப் பார்த்து, கீறல் தெரிந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள், அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும். கதவில் மாட்டி இழுப்பதாக இருந்தால், நீங்கள் இழுக்கும்போது கதவு இன்னும் இறுக மூடிக்கொள்ளும் பக்கத்தில் நில்லுங்கள்.

வாரண்டிச் சீட்டில் ஒரு விஷயம். 'பத்து ஆண்டு வாரண்டி' என்பது பெரும்பாலும் கருவியின் இரும்புச் சட்டத்துக்கு மட்டும். சட்டம் உடைந்து நான் பார்த்தது மிக அரிது. மோட்டாருக்கு எத்தனை ஆண்டு, மின்பலகைக்கு எத்தனை, வீட்டுக்கு வந்து பார்ப்பவரின் கூலி அதில் அடங்குமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பெல்ட் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு விற்பனையாளர் விழித்தால், அதுவே பதில்.

நடைவிரும்பி எழுதியது:

வீட்டில் மறுபடியும் பேசினோம். டிரெட்மில்லை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம். மனைவியும் தாயாரும் கடைக்கு வந்து, சாய்ந்து அமரும் சைக்கிள்கள் மூன்றில் ஏறிப் பார்த்தார்கள். விலை குறைந்த ஒன்றில் இருக்கையை நகர்த்தும் நெம்புகோல் தாயாரின் கைக்கு எட்டவில்லை என்பதால் அதை அவரே தள்ளிவிட்டார். விலை நடுத்தரமான ஒன்று முடிவாகியிருக்கிறது. மகனுக்குத் திருகு மாட்டும் டம்பெல். எனக்கு, தண்டால் அவர்கள் மகிழட்டும், தெருதான். சைக்கிளின் பாகங்களை நாங்களே பூட்டிக்கொள்ள வேண்டுமாம். அதில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

திருப்புளி எழுதியது:

பெடல்தான். வலது பெடல் வழக்கம்போல் கடிகாரச் சுற்றில் இறுகும். இடது பெடலின் மரை எதிர்ச்சுற்று, அதைக் கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பித்தான் ஏற்ற வேண்டும். பெடலிலேயே இடது, வலது என்று பொறித்திருப்பார்கள். முதல் சில சுற்றை ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு இடறினால் மரை ஏறவில்லை என்று அறிந்து, கழற்றி மறுபடியும் தொடங்குங்கள். வலிந்து முறுக்கினால், பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கின் மரை அழிந்துவிடும், அதற்குப் பல நிறுவனங்கள் வாரண்டி தருவதில்லை. ஒரு வாரம் மிதித்த பிறகு இரண்டு பெடலையும் இருக்கைத் திருகுகளையும் இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.